கரண்ட் போன பிறகும் பாட முடிகிற பாட்டு

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில், சித்தானந்த சுவாமி கோயில் இருக்கிற அதே இடத்துக்குப் பக்கத்தில், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தவர், 1922-ல் புதுச்சேரியில் காலமானார். நாடகக் கலைஞர்கள் அவருடைய நினைவு நாளில் இங்கே வந்து மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். புதுச்சேரி அரசு திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்குக் கொடுக்கிற விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே போய்ச் சேர்ந்தவர் பெயரில் சினிமா விருதா என்று சிலர் கேட்பதுண்டு. அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பேன்.

ஏனென்றால் பாட்டை வைத்து ஒரு கதையை எப்படி ஜனங்கள் மனதில் உட்கார வைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மைக் இல்லாத காலம். கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும், சொல் புரிய வேண்டும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று எல்லாமே ஊருக்குத் தெரிந்த கதைகள். அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் பதைபதைக்கப் போவதில்லை. இந்த இடத்தில் இந்தப் பாட்டு வரும் என்று காத்துக்கொண்டுதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் களை எடுக்கும்போது அந்தப் பாட்டு வாயில் வந்தால்தான் நாடகம் ஜெயித்தது என்று அர்த்தம்.

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸில் நடித்த டி.பி.ராஜலட்சுமி அந்த மேடையிலிருந்து வந்தவர்தான். ஏறக்குறைய 50 பாட்டுகள் அந்தப் படத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். சினிமா வளர்ந்த பிறகும் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கதைச் சுருக்கம் இருக்கும், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று பாதியில் நிற்கும். பாட்டை மட்டும் முழுசாக அச்சடித்திருப்பார்கள். கதையை மறைத்துப் பாட்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்ட அந்தப் பதிப்பாளர்களுக்கு ஜனங்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

என் கட்சி இதுதான். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற மனிதர் அதிலிருந்து எதையாவது தன் வாயோடு எடுத்துக்கொண்டு போக முடியவேண்டும். ஒளிப்பதிவைக் கண்ணால் பார்க்கலாம், நடிப்பை வியக்கலாம். ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டே, துணி துவைத்துக்கொண்டே திரும்பவும் செய்து பார்க்க முடிகிறது அதில் ஒன்றே ஒன்றைத்தான். அந்த ஒன்று இல்லாத படம் எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டிருந்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதைப் பழசெல்லாம் தங்கம் என்கிற பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காளிதாஸின் அத்தனை பாட்டுகளில் பெரும்பாலானவற்றை நமக்குப் பாடத் தெரியாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த படங்களில் பாதிக்குப் பாதி பாட்டுகள் எண்ணிக்கைக்காகப் போட்டவை. அவை அந்த வருஷமே காணாமல் போயின. நமக்கு இன்று கேட்கிறவை சலித்து மிஞ்சியவை. அப்படி எது மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது என்பதுதான் எனக்கு ஆர்வமான விஷயம்.

அதை நான் கண்ணால் பார்த்தது 'தானே' புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. எங்கள் மஞ்சக்குப்பத்தில் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. செல்போன் செத்துவிட்டது, டிவி இல்லை, புதுவருஷப் பிறப்பு வந்துபோனதே தெரியவில்லை. பகல் முழுக்கத் தண்ணீருக்கும் மெழுகுவர்த்திக்கும் அலைந்துவிட்டு, ராத்திரியானால் தெருவில் எல்லோரும் மொட்டை மாடிக்கோ திண்ணைக்கோ வந்துவிடுவோம். உள்ளே புழுக்கம், கொசு. ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில்தான் படுத்திருந்தார்கள்.

அப்படி ஒரு ராத்திரியில் எதிர்வீட்டுப் பாட்டி, அழுதுகொண்டிருந்த பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு 'மலர்ந்தும் மலராத' பாட ஆரம்பித்தார். அவருக்குச் சரணம் பாதிதான் தெரியும். தெரியாத இடத்தில் பக்கத்துத் திண்ணையில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் யாரோ 'செந்தாழம் பூவில்' ஆரம்பித்தார்கள். கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி 'சின்னச் சின்ன ஆசை' பாடினாள். அந்த வருஷம் தெருவெல்லாம் அலறிக்கொண்டிருந்த பாட்டுகள் எத்தனையோ இருந்தன. பையன்கள் அவற்றை எடுத்துப் பார்த்தார்கள், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. வரி மறந்ததால் நின்றுபோகவில்லை. அந்தப் பாட்டுகளின் உயிர் தாளக்கருவியிலும் பெரிய ஸ்பீக்கரிலும் இருந்தது. அவை இல்லாமல் வெறும் தொண்டையில் எடுத்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். 'மலர்ந்தும் மலராத' முடிந்ததும் பேச்சு பாட்டைப் பற்றி இல்லை, பாசமலர் படத்தைப் பற்றித்தான். அண்ணன் ஒரு வீட்டில் தன் பிள்ளையை வைத்துக்கொண்டு பாடுவதும், தங்கை இன்னொரு வீட்டில் பாடுவதும், நடுவில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதும் அந்த இருட்டில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வந்தது. 1961-ல் வந்த படத்தை அதற்குப் பிறகு பிறந்தவர்கள் காட்சி காட்சியாகச் சொன்னார்கள். படம் மறந்துபோகும், பாட்டு மட்டும் நிற்கும் என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். நான் அன்று பார்த்தது வேறு. பாட்டு நின்றதால் படமும் நின்றது. மெட்டை இழுத்தால் காட்சி கூடவே வருகிறது, கிணற்றுக் கயிற்றை இழுத்தால் வாளி வருவதைப்போல.

பிறகு 2018-ல் '96' படம் வந்தபோது புதுச்சேரி ரத்னா தியேட்டரில் பார்த்தேன். அதில் பள்ளிக்கூட நாளிலிருந்தே ராம் ஜானுவைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிற பாட்டு ஒன்று, 'யமுனை ஆற்றிலே'. ஜானு வேறு எதை வேண்டுமானாலும் பாடுவாள், அதை மட்டும் பாடமாட்டாள். எத்தனையோ வருஷம் கழித்து, ராமின் வீட்டில் கரண்ட் போய்விட்ட நேரத்தில், எந்த வாத்தியமும் இல்லாமல் அதைப் பாடுகிறாள். அந்த இடத்தில் தியேட்டரில் எழுந்த சத்தத்தை மறக்க முடியாது. 1991-ல் தளபதிக்காக இளையராஜா போட்ட அந்தச் சின்னப் பாட்டை ஜனங்கள் இருபத்தேழு வருஷம் மனதில் வைத்திருந்தார்கள். படத்தின் மொத்தக் கனத்தையும் இயக்குநர் அதன் மேல் நம்பிக்கையோடு வைத்தார். அது நினைவில் நிற்காத மெட்டாக இருந்திருந்தால் அந்தக் காட்சியே கிடையாது. 96-க்கு இசையமைத்த கோவிந்த் வசந்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. தன் இசையை ஒதுக்கி வைத்து இன்னொருவர் மெட்டுக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுக்க ஒரு மனசு வேண்டும்.

சரி, ஒரு மெட்டு எப்படி இப்படி ஒட்டிக்கொள்கிறது? எனக்குப் புரிந்தவரையில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று காதில் நடப்பது, இன்னொன்று படத்துக்குள் நடப்பது.

காதில் நடப்பதை முதலில் சொல்கிறேன். நமக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே தெரிந்த சில இசைகள் இருக்கின்றன. தொட்டிலில் தாலாட்டு கேட்டிருக்கிறோம், சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கிறோம், நடவு வயலில் தெம்மாங்கு. கடலூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் ஓதுவார் பாடுகிற 'ஈன்றாளுமாய்' காதில் இருக்கும். அப்பர் அந்தத் தலத்துக்கே பாடிய பதிகம் அது. இந்த இசைகளின் ஏற்ற இறக்கம் நம் காதில் ஏற்கெனவே பாதை போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் வருகிற புது மெட்டு முதல் தடவையே தெரிந்த ஆள் மாதிரி உள்ளே வந்துவிடுகிறது. பாசமலரின் பாட்டு தாலாட்டு. நாயகனில் வருகிற 'தென்பாண்டிச் சீமையிலே' தாலாட்டும் ஒப்பாரியும் கலந்த ஒன்று. 2019-ல் வந்த அசுரனில் 'எள்ளு வய பூக்கலையே' ஒப்பாரியே. மூத்த மகனைப் பறிகொடுத்த வீட்டின் அழுகை அது. ஜி.வி.பிரகாஷ் குமார் அந்த மெட்டை எடுத்துக்கொண்ட விதத்தில் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. அந்தப் படம் வந்த பிறகு எங்கள் பக்கத்துக் கிராமத்தில் துக்க வீடு ஒன்றில் ஒரு அம்மாள் அழுதுகொண்டே அந்த இழுப்பை இழுத்ததைக் கேட்டேன். சினிமா நம்மிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று தோன்றியது.

வாய்க்கு எட்டுகிற தூரமும் முக்கியம். நினைவில் நிற்கிற பல்லவிகளைப் பாடிப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்வரங்கள் பக்கத்துப் பக்கத்திலேயே நகரும். ஒரே ஒரு இடத்தில் குரல் சட்டென்று மேலே போகும். அந்த ஒரு இடத்துக்காகத்தான் நாம் திரும்பத் திரும்பப் பாடுகிறோம். பல்லவி முழுக்க மேலேயே கத்திக்கொண்டிருந்தால் அந்த ஏற்றத்துக்கு மதிப்பு இல்லை. சொல்லும் மெட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது அதற்கு மேல். குறில் வர வேண்டிய இடத்தில் நெடில் இழுபட்டால் தமிழ்க் காது சொல்லைத் தவறவிடும், தவறவிட்ட சொல்லை வாய் பாடாது. மெட்டுக்குப் பாட்டு எழுதுவதா, பாட்டுக்கு மெட்டுப் போடுவதா என்ற சண்டை ரொம்ப நாளாக உண்டு. எனக்கு அதில் பக்கம் இல்லை. இரண்டு வழியிலும் நல்லது வந்திருக்கிறது.

பாட்டுக்கு மெட்டு என்றால் புதுச்சேரிக்காரர்கள் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ள இடம் இருக்கிறது. பாரதிதாசன் எழுதிய 'துன்பம் நேர்கையில் யாழெடுத்து நீ' தாளில் கவிதையாக இருந்தது. தண்டபாணி தேசிகர் அதற்கு தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டார். 1951-ல் ஓர் இரவு படத்துக்கு அது வந்து சேர்ந்தது. துன்பம் வரும்போது இசையால் இன்பம் சேர்க்க மாட்டாயா என்று கேட்கிற கவிதைக்கு, கேட்டதையே கொடுக்கிற மெட்டு. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனுடைய வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பாட்டு தானாக உள்ளே ஓட ஆரம்பித்துவிடும். இன்னொரு சங்கதி: 'ஓர் இரவு' படத்தில் நடித்த டி.கே.சண்முகம், சங்கரதாஸ் சுவாமிகளிடம் சிறு வயதில் பாடம் கேட்டு வளர்ந்தவர். கருவடிக்குப்பமும் பெருமாள் கோயில் தெருவும் ஒரே படத்தில் சேர்ந்துகொண்டன.

பாரதியின் கண்ணன் பாட்டும் அவர் புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் வந்ததுதான். அதிலிருந்து 'சுட்டும் விழிச்சுடர்' 2000-ல் ஏ.ஆர்.ரஹ்மான் மெட்டில் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் படத்தில் வந்தது. கவிதையைப் பாடப்புத்தகத்தில் படித்திராத பிள்ளைகள்கூட ஹரிஹரன் குரலில் அதை வரி பிசகாமல் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அடித்து மனப்பாடம் செய்ய வைத்தவை போன இடம் தெரியவில்லை.

இனி படத்துக்குள் நடப்பது. இதைத்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதுதான் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. மெட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். புதிய பறவையைப் பாருங்கள். 1964-ல் வந்த படம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் எழுத்து. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' முதலில் மயக்குகிற பாட்டாக வருகிறது. சௌகார் ஜானகிக்கு பி.சுசீலாவின் குரல். சிவாஜியோடு சேர்ந்து நாமும் கிறங்கிப்போகிறோம். அதே மெட்டு பிறகு சோகமாகத் திரும்பி வருகிறது. இப்போது அந்தக் கேள்வி அவனைப் போட்டு உலுக்குகிறது. சொல் ஏறக்குறைய அதே, மெட்டு அதே. இடையில் நடந்தவை நமக்குத் தெரிந்துவிட்டதால் முதுகு சில்லிடுகிறது. அந்த இரண்டாவது வருகைக்காகத்தான் முதல் தடவை அது அவ்வளவு அழகாக இருக்க வேண்டியிருந்தது. முதல் தடவை நம் நினைவில் பதியாத பாட்டாக இருந்திருந்தால் இரண்டாவது தடவை நமக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. மர்மக் கதையின் முடிச்சே அங்கே பாட்டில் இருக்கிறது.

நாயகன் 1987-ல் வந்தது, இளையராஜாவுக்கு அது 400-வது படம். அவ்வளவு படத்துக்குப் பிறகும் அவர் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன மெட்டைத்தான். புலமைப்பித்தன் வரிகள். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு மும்பைக்கு ஓடி வருகிற சிறுவனோடு அந்த மெட்டு தொடங்குகிறது. அவன் வளர்ந்து, ஊர் பயப்படுகிற ஆளாகி, ஒவ்வொருவராக இழக்கும்போதெல்லாம் அது வருகிறது. சில இடத்தில் குரலாக, சில இடத்தில் வாத்தியத்தில் மட்டும். யார் அடித்தார்கள் என்று பிள்ளையைக் கேட்கிற பாட்டு, அடிக்கிற ஆளாகவே ஆகிப்போனவனுக்குப் பின்னால் கடைசி வரைக்கும் ஓடுகிறது. வசனத்தில் இதைச் சொல்லியிருந்தால் பிரசங்கம் ஆகியிருக்கும். அந்த மெட்டு நமக்கு முன்கூட்டியே பழகியிருந்ததால் நாமே அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.

மகேந்திரனின் ஜானி, 1980. ஸ்ரீதேவி அதில் பாடகி. கடைசியில் காற்றும் மழையும் அடித்துக்கொண்டிருக்க, காதலன் வருவானா மாட்டானா என்று தெரியாமல் 'காற்றில் எந்தன் கீதம்' பாடுகிறாள். சண்டையோ துப்பாக்கியோ வர வேண்டிய இடத்தில் எஸ்.ஜானகியின் குரல் வருகிறது. அந்தப் பாட்டு நம்மைப் பிடிக்கவில்லை என்றால் படத்தின் உச்சக்கட்டமே விழுந்துவிடும். பாட்டு வந்தால் ஜனங்கள் வெளியே எழுந்து போவார்கள் என்று இப்போது கவலைப்படுகிற இயக்குநர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். பாட்டின் மேல் கதை நின்றால் யார் எழுந்து போவார்கள்?

அப்படியானால் பாட்டு இருந்தே தீர வேண்டுமா என்று கேட்கலாம். இல்லை. தமிழில் பாட்டே இல்லாத படத்தை 1954-லேயே எடுத்துவிட்டார்கள். 'அந்த நாள்' என்று பெயர். எடுத்தவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர். இசையில் ஊறிய மனிதர்தான் பாட்டு வேண்டாம் என்று துணிந்தார். 1988-ல் பாலு மகேந்திரா 'வீடு' படத்தை எடுத்தபோது அதிலும் பாட்டு இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணியில் வைத்தார். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் குடையோடு கிளம்பிப் போகிற காட்சியில் வருகிற இசையை, படம் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நடையும் அந்த இசையும் எனக்குள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன. வார்த்தை இல்லாத இசையையும் முணுமுணுக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் படம் அமைதியாக இருந்தது, அதனால் காது அதை வாங்கிக்கொண்டது.

அமைதி என்று சொன்னேனே, அதுதான் இப்போதைய படங்களில் கிடைப்பதில்லை. டைட்டில் கார்டில் ஆரம்பித்து எழுந்து வரும்வரை ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருக்கிறது. ஹீரோ நடந்தாலும் இசை, நின்றாலும் இசை, டீ குடித்தாலும் இசை. தனித்தனியாக எடுத்துக் கேட்டால் அதில் உழைப்பும் கெட்டிக்காரத்தனமும் தெரிகின்றன. அதைச் செய்கிற இசையமைப்பாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டரை மணி நேரமும் காதை நிரப்பினால் எந்த இடம் நினைவில் நிற்கும்? பாட்டுகள் வேறு, ரீல்ஸில் போட்டு ஆடுவதற்குத் தோதாகப் பத்துப் பதினைந்து வினாடித் துண்டாகவே யோசிக்கப்படுகின்றன. அந்தத் துண்டு மட்டும் ஒரு மாசம் எல்லாப் போனிலும் கேட்கும். பாட்டு எந்தப் படம், எந்தக் காட்சி என்று கேட்டால் பாடுகிறவருக்கே தெரியாது.

முன்பு படமும் பாட்டும் பிரியாமல் இருந்ததற்கு வானொலியும் ஒரு காரணம். எங்கள் கடற்கரைப் பக்கம் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். பாட்டைப் போடும் முன் படத்தின் பெயர், இசையமைப்பாளர், எழுதியவர், பாடியவர் எல்லாம் அறிவிப்பாளர் அழகாகச் சொல்வார். நாங்கள் பார்க்காத படங்களுக்கும் யார் இசை என்று சொல்லத் தெரிந்தது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகில இந்திய வானொலியில் ஒலிச்சித்திரம். படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, ஒலியை மட்டும் போடுவார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் படுத்துக்கொண்டு படம் 'கேட்போம்'. காட்சி இல்லாததால் இசைதான் மழை வருகிறதா, விடிந்துவிட்டதா, அம்மா வீட்டுக்குள் வந்துவிட்டாளா என்று சொல்ல வேண்டும். நல்ல பின்னணி இசை உள்ள படம் ஒலிச்சித்திரத்தில் ஜெயித்துவிடும். பின்னணி இசையைத் தனியாகக் கேட்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

அப்புறம் கேசட் வந்தது. ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் பதிந்து கொடுப்பார். அந்த வரிசையை எழுத ஒரு வாரம் யோசிப்போம். இடம் கொஞ்சம்தான், இந்தப் பாட்டை வைத்தால் அந்தப் பாட்டை எடுக்க வேண்டும். எந்தப் பாட்டு நமக்கு வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இப்போது எல்லாமே கையில் இருக்கிறது, நல்லதுதான். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

புதுச்சேரியை உலகம் முழுக்கத் திரையில் காட்டிய படத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆங் லீ இயக்கிய லைஃப் ஆஃப் பை, 2012. நம் தாவரவியல் பூங்காவைத்தான் மிருகக்காட்சி சாலையாக மாற்றிப் படம் பிடித்தார்கள். ஹாலிவுட் படம், கனடாக்காரரான மைக்கேல் டான்னா இசை. ஆனால் படம் தொடங்குவது தமிழ்த் தாலாட்டில். பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய 'கண்ணே கண்மணியே'. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்கு அது போனது, டான்னாவுக்குப் பின்னணி இசைக்கான ஆஸ்கரே கிடைத்தது. கடலில் தனியாகப் புலியோடு மிதக்கப் போகிற ஒரு பையனின் கதைக்கு, அவன் அம்மாவின் மொழியில் ஒரு தாலாட்டை முதலில் வைத்தார்களே, அந்த முடிவில்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. எவ்வளவு பெரிய தொழில்நுட்பம் கையில் இருந்தும், வீடு என்பதை நமக்கு உணர்த்த அவர்களுக்கு ஒரு தாயின் குரல் தேவைப்பட்டது. பிற்பாடு கடலில் அவன் எல்லாவற்றையும் இழந்து நிற்கும்போது எதை இழந்தான் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் புதுச்சேரியில் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறான். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்குச் சுவாமி கடலுக்கு வருகிற கூட்டத்தில் தன் அம்மாவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற சிறுமியின் கதை. கூட்டத்தையும் கடலையும் நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் முதல் நொடியிலிருந்து கடைசி வரை இணையத்தில் எடுத்த ஏதோ வெளிநாட்டு இசை ஓடிக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"அந்தப் பொண்ணோட அம்மா அவளுக்கு ஏதாவது பாடுவாங்களாடா?" என்று கேட்டேன்.

"கதையில அப்படி இல்லையே மாமா."

"இருந்தா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனாகவே சொன்னான், கிளம்புவதற்கு முன் அம்மா தலை வாரிவிடுகிற காட்சி ஒன்று எடுத்ததாகவும், நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டதாகவும். அதைத் திரும்பச் சேர்த்து, அந்த இடத்தில் அம்மா லேசாக ஒரு மெட்டை முணுமுணுக்கட்டும், கூட்டத்தில் அவள் தொலைந்த பிறகு அந்த மெட்டு எங்கேயும் வர வேண்டாம், மைக்செட் சத்தமும் அலைச் சத்தமும் போதும் என்று பேசி முடித்தோம். கடைசியில் அம்மாவின் முகத்தைக் காட்டும் முன்பே மெட்டு வரலாம் என்பது அவன் யோசனை. என் யோசனையைவிட அது நல்லது.

இணைய இசை மொத்தத்தையும் எடுத்துவிட்டான். மெட்டு அவர்களுக்குள்ளேயே ஒரு பெண் போட்டிருக்கிறாள், போனில் பதிந்து அனுப்பினான். நான்கே வரி. கேட்ட அன்று சாயங்காலம் சமையலறையில் என் மனைவி அதைப் பாடிக்கொண்டிருந்தாள், எங்கே கேட்டோம் என்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. இப்போது அவர்களுக்கு ஒரு புல்லாங்குழலும் ஒரு வயலினும் வேண்டும். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பையன்கள் போக்குவரத்துச் செலவும் ஒரு சின்ன சன்மானமும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.